பழைய படகு எஞ்சினில் ஆயில், புகைத் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது படகுக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய 4 ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினைப் பற்றி. கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, மெக்கானிக்கல் பம்ப், கடல் தண்ணீரில் குளிரும் எக்ஸாஸ்ட். பெட்ரோல் எஞ்சினுக்கென்று ஒரு கேள்வி பின்னால் வருகிறது. பல வருடங்களாக இந்த எஞ்சின்களோடு புழங்கியதில் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: புகையைப் பார்த்ததுமே 'பிஸ்டன் ரிங் போயிடுச்சு, ஓவர்ஹாலிங் பண்ணணும்' என்று சொல்லப்பட்ட எஞ்சின்களில் பாதிக்கு மேல் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே சரியாகியிருக்கின்றன. ஆயிலில் தண்ணீர் கலந்தால் மட்டும் கதை வேறு. அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

எஞ்சின் புகை தள்ளுகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் நிறத்தைத்தான் கேட்பார்கள். நான் முதலில் நேரத்தைக் கேட்பேன். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் 2 நிமிடம் மட்டுமா? கியர் போட்டு வேகம் கூட்டும்போதா? ரொம்ப நேரம் ஐடிலில் ஓடிய பிறகா? நேற்று வரை இல்லாமல் இன்று திடீரென்று வந்ததா, இல்லை 2 வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தாலே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

அப்புறம் நிறம். கறுப்பு என்றால் உள்ளே போகும் டீசலுக்குத் தேவையான காற்று இல்லை. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லாவிட்டால் அது வெறும் நீராவி. நீலம் என்றால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

நீலத்தையும் வெள்ளையையும் கண்ணால் பிரிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். வெயில் எதிரே அடிக்கும்போது எல்லாப் புகையும் நீலமாகத்தான் தெரியும். அதனால் இருட்டான பின்னணியில் பாருங்கள், பக்கத்துப் படகின் நிழல் விழும் இடம் போதும். எக்ஸாஸ்ட் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வெள்ளைக் காகிதத்தை ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர்ப் புள்ளிகள் காய்ந்ததும் மறைந்துவிடும். டீசல் மஞ்சள் கறையாக நிற்கும், மூக்கருகே கொண்டுபோனால் வாசனை காட்டிக்கொடுக்கும். ஆயில் கறை விரலில் வழவழக்கும். கறுப்புப் பொடி ஒட்டினால் அது கரி.

வேகம் கூட்டினால் கறுப்புப் புகை. நியூட்ரலில் புகையே இல்லை. நாசில் (டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் முனை) மாற்றட்டுமா?

கொஞ்சம் பொறுங்கள். நியூட்ரலில் சுத்தமாக ஓடி, கியர் போட்டதும் கறுக்கிறது என்றால் எஞ்சின் தன்னால் இழுக்க முடியாத பாரத்தை இழுக்கிறது என்று பொருள். முதல் சந்தேகம் எஞ்சின் மேல் அல்ல, தண்ணீருக்கு அடியில் இருக்கும் விசிறி மேல். விசிறியிலும் ஷாஃப்டிலும் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடல் உயிரி) ஒட்டியிருக்கும், கயிறோ வலையோ சுற்றியிருக்கும். அடிப்பலகை முழுக்கப் பாசி பிடித்திருந்தாலும் இதே கதைதான். விசிறியின் இலையில் மெலிதாக ஒட்டிய கொட்டலசுகூட எஞ்சினின் நிமிடச் சுற்றை நூற்றுக்கணக்கில் இறக்கிவிடும்.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. திறந்த தண்ணீரில் முழு த்ராட்டில் கொடுங்கள். எஞ்சினின் பெயர்த் தகட்டில் உள்ள அதிகபட்ச சுற்றை எட்டுகிறதா பாருங்கள். 3000 சுற்று எட்ட வேண்டியது 2500-இல் திணறி நின்று கறுப்பாகத் தள்ளினால் அது ஓவர்லோட். விசிறி சுத்தமாக இருந்தும் அப்படியே இருந்தால், முன்பு யாராவது பெரிய விசிறியோ பிட்ச் (இலையின் சாய்வு) அதிகமான விசிறியோ மாட்டியிருக்கலாம். சுற்று காட்டும் மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்கும் மீட்டர், பெல்ட் வழுக்கினாலோ புல்லி மாற்றியிருந்தாலோ தப்பாகக் காட்டும். கையில் பிடிக்கும் ஆப்டிகல் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. எஞ்சின் அறையின் மூடியைத் திறந்து வைத்து அதே ஓட்டத்தை ஓட்டிப் பாருங்கள். மூடி திறந்ததும் சுற்று ஏறி, புகை குறைந்தால் எஞ்சினில் குறையே இல்லை, அறைக்குள் காற்று வரவில்லை, அவ்வளவுதான். சத்தம் குறையட்டும் என்று பஞ்சு அடைத்து எஞ்சின் அறையை இறுக்கமாக மூடிய படகுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டரையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீத்தரிலிருந்து வந்த ஆயிலில் ஊறிப்போய்ப் பிசுபிசுப்பாக இருக்கும்.

இவையெல்லாம் சரி என்றான பிறகுதான் நாசில். ஒரு நாசில் மட்டும் ஒழுகினால் புகையோடு டக்டக் என்று ஒரு தட்டல் சத்தமும் வரும். ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் பைப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால், நல்ல சிலிண்டரில் எஞ்சின் தடுமாறும், கெட்ட சிலிண்டரில் பெரிதாக மாற்றம் இருக்காது. நட்டைச் சுற்றித் துணி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு செய்யுங்கள். பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அளவுக்கு அழுத்தம் கொண்டது. அப்படிப் பட்டால் வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் எஞ்சினுக்கு மட்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய காமன் ரெயில் எஞ்சினில் தொடவே கூடாது.

எக்ஸாஸ்ட் எல்போவைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது?

சூடான புகையும் குளிர்ந்த கடல் தண்ணீரும் சந்திக்கும் இடம் அது. கரியும் உப்பும் சேர்ந்து கல் போல இறுகும். ஒரு படகில் நான் கழற்றிய எல்போவின் வாய் கட்டைவிரல் பருமனுக்கு இருக்க வேண்டும். உள்ளே பார்த்தால் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே ஓட்டை மிச்சம் இருந்தது, அதுவும் நடுவில் இல்லை, ஓரமாக. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கரி செதில் செதிலாக விழுந்தது. அந்தப் படகுக்கு அதற்கு முன் இரண்டு முறை நாசில் மாற்றியிருந்தார்கள்.

புகை வெளியே போக முடியாவிட்டால் புதுக் காற்று உள்ளே வர முடியாது. கறுப்புப் புகை, சூடு, இழுவைக் குறைவு எல்லாம் சேர்ந்து வரும். வார்ப்பிரும்பு எல்போவை 2, 3 வருடத்துக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள். உட்சுவர் அரித்துப் போனால் தண்ணீர் பின்னால் எஞ்சினுக்குள் இறங்கும் ஆபத்தும் இதே இடத்தில்தான். துருவும் கரியும் இரண்டும் பிடித்திருந்தால் சுத்தம் செய்து மாட்டுவதைவிடப் புதிது மாட்டுவதே நல்லது.

காலையில் மட்டும் வெள்ளைப் புகை, சூடானதும் போய்விடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

1, 2 நிமிடத்தில் மறைந்தால் பழைய டீசலுக்கு அது இயல்பு. 10 நிமிடம் நின்றாலோ, முன்பு இல்லாமல் இப்போது வந்தாலோ ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைப் பாருங்கள். நாலில் இரண்டு செத்திருந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், பிளக் செத்த அந்த இரண்டு சிலிண்டரும் எரியாத டீசலை வெளியே துப்பிக்கொண்டிருக்கும். பேட்டரி தளர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே புகைதான். இவை இரண்டும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் இறங்கியிருக்கலாம், அதற்கான சோதனை கடைசிக் கேள்வியில்.

வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை.

முதலில் அது புகையா ஆவியா என்று பிரியுங்கள். ஆவி எக்ஸாஸ்ட் வாயை விட்டு நாலைந்து அடி போவதற்குள் கரைந்துவிடும். எரியாத டீசல் புகை தண்ணீர் மேல் படிந்து தொங்கும், கண் எரியும், தண்ணீரில் வானவில் படலம் விரியும்.

ஆவி என்றால் எக்ஸாஸ்டோடு வரும் தண்ணீரின் அளவைக் கவனியுங்கள். குறைந்திருந்தால் கடல் தண்ணீர் வால்விலிருந்து தொடங்கி வடிகட்டி, இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீரால் கூலண்டைக் குளிரவைக்கும் பாகம்), எல்போ என்று தண்ணீர் போகும் வழியிலேயே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். இம்பெல்லரில் இறக்கை உடைந்திருந்தால் புதிதை மாட்டிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். உடைந்த துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். அவை ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில்தான் பெரும்பாலும் மாட்டியிருக்கும். தண்ணீர் நிறைய வந்தும் ஆவி நிற்கவில்லை, கூலண்ட் அளவு குறைந்துகொண்டே போகிறது என்றால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம்.

ஆவி இல்லை, டீசல்தான் என்றால் நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் என்ற வரிசையில் தேடுங்கள். பம்பைச் சமீபத்தில் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங் பின்தங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

நீலப் புகை வந்தால் ரிங் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். அதிகமாகவா ஊற்றியிருக்கிறீர்கள்?

படகில் எஞ்சின் சமமாக உட்காருவதில்லை. ஷாஃப்ட் சரிவுக்கேற்ப அதுவும் பின்பக்கம் சாய்ந்திருக்கும். சமதளத்துக்கு அளவு போட்ட டிப்ஸ்டிக்கைச் சாய்ந்த எஞ்சினில் விட்டால் அது சொல்வது பொய்யாகிவிடும். எஞ்சின் எந்தப் பக்கம் சாய்கிறது, ஸ்டிக் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ காட்டும். குறைவாகக் காட்டும் எஞ்சினில் மேல்கோடு வரை ஊற்றினால் 1 லிட்டர்கூட அதிகமாகிவிடும். கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பிரீத்தர் வழியாக ஏர் இன்டேக்கில் ஏறும், நீலப் புகை வரும். சரி, என்ன செய்வது? ஆயிலை முழுக்க இறக்கி, புது ஃபில்டர் மாட்டி, மேனுவலில் அந்தச் சாய்வுக்குச் சொன்ன அளவை அளந்து ஊற்றி, ஓட்டி நிறுத்தி, 10 நிமிடம் பொறுத்து ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் நிற்கும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போடுங்கள். இனி உங்கள் படகுக்கு அதுதான் அளவு.

அளவு சரியாக இருந்தும் நீலம் வருகிறதா? மறுபடியும் நேரத்தைப் பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப் புகை, பிறகு சுத்தம்: வால்வு கைடும் அதன் சீலும் தேய்ந்து, ஆயில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. இதோடு பல வருடம் ஓட்டலாம். வேகமும் பாரமும் கூடக் கூடப் புகையும் கூடினால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. டர்போ இருந்தால் அதன் சீலையும், ஆயில் திரும்பி இறங்கும் குழாய் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்காமல் எஞ்சினைக் குற்றம் சொல்லக் கூடாது.

பேட்டரி சார்ஜ் ஏற்ற மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டுகிறேன். இதனால் புகை வருமா?

வரும். டீசல் எஞ்சினுக்கு நல்ல பாரமும் நல்ல சூடும் வேண்டும். அவை இல்லாமல் ஓடினால் ரிங்குகள் போரின் சுவரோடு அழுத்தி உட்காராது, ஆயில் மேலே ஏறிக் கருகிச் சுவரில் கண்ணாடி போலப் பளபளப்பான பூச்சாகப் படியும். ஆயிலைப் பிடித்து வைக்கும் நுண்ணிய கீறல்கள் அந்தப் பூச்சில் மூடிப்போகும். அதற்குப் பிறகு ரிங் நன்றாக இருந்தாலும் எஞ்சின் ஆயில் குடிக்கும்.

தொடக்க நிலையில் என்றால் மருந்து எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பின், அதிகபட்ச சுற்றில் 80 சதவீதம் அளவுக்குக் கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். சில பயணங்களில் புகை குறைவது தெரியும். முற்றிப்போயிருந்தால் போரை ஹோனிங் செய்து, அந்தக் கீறல்களை மறுபடி போட்டுத்தான் ஆக வேண்டும். துறையில் கட்டியிருக்கும்போது சார்ஜ் ஏற்றத்தான் வேண்டும் என்றால் கயிறுகள் உறுதியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, கியரில் போட்டு லேசாகவாவது பாரம் கொடுங்கள்.

ஆயில் பாலூற்றிய காபி நிறத்துக்கு மாறிவிட்டது.

ஆயிலில் தண்ணீர். எஞ்சினை நிறுத்துங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அது உள்ளே வியர்த்த ஈரம். நேரடியாகக் கடல் தண்ணீரில் குளிரும் எஞ்சின்களில் உப்பு படியாமல் இருக்க 60 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே சூட்டை வைத்திருப்பார்கள், அதனால் அவற்றில் இது அடிக்கடி வரும். நீண்ட ஓட்டத்தில் காய்ந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் இரும்புத் தகடு ஒன்றை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் பரவிப் புகையும். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி அது கடல் தண்ணீரா, கூலண்டா என்பது. கூலண்ட் ஊற்றும் ஹெடர் டாங்கில் அளவு குறைந்திருந்தால் கூலண்ட். ஹெட் கேஸ்கட், சிலிண்டர் லைனரின் அடி சீல், ஹெட்டில் விரிசல், இவற்றில் ஏதோ ஒன்று. கூலண்ட் அப்படியே இருந்தால் கடல் தண்ணீர், அது வரும் வழிகள் வேறு.

எஞ்சினின் முன்பக்கம் நேரடியாகப் பொருத்திய தண்ணீர் பம்பில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், நடுவே கீழ்நோக்கி ஒரு சிறு ஓட்டை இருக்கும். சீல் போனால் தண்ணீர் வெளியே சொட்டி நம்மை எச்சரிக்கத்தான் அந்த ஓட்டை. பெயின்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்து மூடியிருப்பார்கள், உப்பும் அடைத்திருக்கும். அப்போது தண்ணீருக்கு, எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைத் தவிர வேறு வழியில்லை. கம்பி விட்டு அந்த ஓட்டையைத் திறந்து வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆயில் கூலர் இன்னொரு வழி. உள்ளே குழாய் அரித்துப் போனால் எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் தண்ணீருக்குள் போகும், எக்ஸாஸ்டில் படலம் தெரியும். நின்றதும் நிலைமை மாறித் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். கியர் பாக்ஸுக்கும் கூலர் உண்டு, அதன் ஆயிலையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி எக்ஸாஸ்ட். எஞ்சின் பிடிக்காமல் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு முறையும் பம்ப் தண்ணீரை சைலன்சருக்குள் தள்ளும். அதை வெளியே தள்ளப் புகையின் வேகம் இல்லாததால் நிரம்பிப் பின்னால் ஏறி, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். எஞ்சின் அடம்பிடித்தால் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு செல்ஃப் அடியுங்கள், பிடித்த அந்த நொடியே திறங்கள். படகு சும்மா நிற்கும்போதுகூட சைஃபன் முறையில், அதாவது தண்ணீர் தானாகவே குழாயில் இழுபட்டு வந்து, இப்படி நிரம்பலாம். எல்போவில் தண்ணீர் சேரும் இடம் படகின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தாலோ, மேலே 15 செ.மீ. அளவுகூட இல்லாவிட்டாலோ சைஃபன் உடைக்கும் வால்வு கட்டாயம் வேண்டும். இருக்கும் வால்வும் உப்பு பிடித்து ஒட்டிக்கொள்ளும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டது உறுதி. இப்போதே என்ன செய்வது?

செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

கடல் தண்ணீர் வால்வை மூடுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றுங்கள். கிராங்கை ஸ்பானரால் கையால் சுற்றுங்கள், தண்ணீர் ஓட்டைகள் வழியாகப் பீறிடும். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி கையால் சுற்றுங்கள். சைலன்சரில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். சம்ப்பை முழுக்க இறக்குங்கள், தண்ணீர் கனம் என்பதால் முதலில் அதுதான் வரும். மலிவான புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, தண்ணீர் வந்த வழியை அடைத்த பிறகு ஸ்டார்ட் செய்து, வேகம் கூட்டாமல் 5, 10 நிமிடம் ஓட்டி, சூட்டோடு இறக்குங்கள். இன்னும் பால் நிறம் இருக்கும். மறுபடியும் செய்யுங்கள். ஆயில் தெளிய மூன்று முறை பொதுவாக ஆகும், ஐந்தும் ஆகலாம். ஒவ்வொரு முறையும் ஃபில்டர் மாற்ற வேண்டும். கடைசியில் சரியான ஆயில் போட்டு, பாரம் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஓட்டி உள்ளே காய விடுங்கள்.

ஆயில் செலவைப் பார்த்து 'நாளைக்கு மெக்கானிக் வரட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். ஒரே இரவில் உப்பு போரில் துருப் புள்ளி வைத்துவிடும், ரிங் ஒட்டிக்கொள்ளும். அன்றே செய்தவர்களின் எஞ்சின் பல வருடம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் விட்ட எஞ்சினைக் கட்டை வைத்து அடித்து பிஸ்டன் எடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆயில் ஊற்றவே இல்லை, ஆனால் அளவு ஏறிக்கொண்டே போகிறது.

பால் நிறம் இல்லாமல் அளவு ஏறினால் அது டீசல். ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயில் தண்ணீர் போல ஓடும். மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நடுவில் கறுப்பும், அதைச் சுற்றி வெளியே ஒரு வெளிர் வளையமும் தெரியும். வெளிவளையம் அகலமாக இருந்தால் டீசல் கலந்திருக்கிறது.

பெரும்பாலும் காரணம் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன டீசல் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருப்பது. பைப்புகளைக் கழற்றாமல் பம்பை மட்டும் பிளாக்கிலிருந்து விடுவித்து, கைப்பிடியால் அடித்துப் பாருங்கள், உட்பக்கம் டீசல் சொட்டினால் அதுதான். அடுத்தது இன்ஜெக்ஷன் பம்பின் ஷாஃப்ட் சீல். சில எஞ்சின்களில் இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் லீக் ஆஃப் பைப் ராக்கர் கவருக்கு அடியில் போகும், அங்கே கசிந்தாலும் நேராக சம்ப்பில்தான் சேரும். காரணத்தைச் சரிசெய்து, ஆயில் மாற்றும் வரை எஞ்சினை ஓட்டாதீர்கள். மெலிந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், அதைவிட மோசமானது அடுத்த கேள்வியில்.

எஞ்சின் தானாக வேகம் எடுத்து, ஸ்டாப் இழுத்தும் நிற்கவில்லை என்கிறார்களே, அது எப்படி?

சம்ப்பில் அளவுக்கு மேல் ஏறிய ஆயிலும் டீசலும் பிரீத்தர் வழியாக இன்டேக்கில் போய், எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டாப் லீவர் டீசல் பம்பை மட்டும்தான் நிறுத்தும், அதனால் பயனில்லை. காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையை எஞ்சின் அறையில் எப்போதும் வைத்திருங்கள். கையாலோ துணியாலோ அடைக்க முயலாதீர்கள், உறிஞ்சும் வேகம் உள்ளே இழுத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை இன்டேக்குக்குள் அடித்தாலும் நிற்கும். எஞ்சினின் அலறல் கட்டுக்கடங்காமல் ஏறி, பக்கத்தில் போகவே வழியில்லை என்றால் ஆட்களை விலக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். உடையும் பாகங்கள் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வரும்.

ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது.

கேஜை நம்பும் முன் அதைச் சோதியுங்கள். பிரஷரை அளந்து கேஜுக்கு அனுப்பும் சென்டரும் அதன் ஒயரும் கடல் காற்றில் கெடுவது சகஜம். சென்டர் இருந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ என்பது மெக்கானிக்குகள் சொல்லும் பழைய கணக்கு. உங்கள் எஞ்சினின் மேனுவல் சொல்வதே இறுதி. குளிரில் நல்ல பிரஷர், சூட்டில் ஐடிலில் மட்டும் இறக்கம் என்றால் பேரிங் தேய்மானம் மெல்ல நடக்கிறது. எல்லா வேகத்திலும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வில் குப்பை, சம்ப்பில் அடைத்த ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), டீசல் கலந்த ஆயில் இவற்றை முதலில் பாருங்கள்.

ஓட்டத்தின் நடுவே பிரஷர் விளக்கு எரிந்தால் யோசிக்காமல் எஞ்சினை நிறுத்துங்கள், தேவையானால் நங்கூரம் போடுங்கள். கேஜ் பொய் சொல்கிறதா என்பதை எஞ்சின் நின்ற பிறகு பார்க்கலாம்.

படகின் அடியில் ஆயில் தேங்குகிறது. எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.

எஞ்சினை டீகிரீசர் போட்டுக் கழுவிக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பவுடரில் ஆயில் நடந்த பாதை தெளிவாகத் தெரியும். ஆயில் எப்போதும் கீழேயும் பின்னாலும்தான் ஓடும், எனவே நனைந்த இடங்களில் மிக உயரமானதைத் தேடுங்கள். கீழே சொட்டும் இடம் காரணம் அல்ல.

ராக்கர் கவர் கேஸ்கட், பிரஷர் சுவிட்ச், கூலர் ஹோஸ் இவை எளிது. கிராங்கின் பின்பக்க சீல் பெரிய வேலை. பெர்கின்ஸ் 4-108 போன்ற பழைய எஞ்சின்களில் கயிறு வகை சீல் இருக்கும், அவற்றில் கொஞ்சம் கசிவு கூடவே பிறந்தது. ஆனால் சீலைக் கழற்ற முடிவெடுக்கும் முன் பிரீத்தர் குழாயைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் வரும். சம்ப்பின் அடிப்பக்கத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். தேங்கிய உப்புத் தண்ணீரில் நின்று நின்று தகடு துருப்பிடித்து ஊசி ஓட்டை விழும்.

தேங்கிய ஆயிலை பில்ஜ் பம்பால் (படகின் அடியில் தேங்குவதை இறைக்கும் பம்ப்) கடலில் அடிக்காதீர்கள். சோப்பு போட்டால் ஆயில் மறையாது, தண்ணீரோடு கலந்து இன்னும் ஆழத்துக்குப் போகும். கப்பல்களால் கடல் மாசுபடாமல் இருக்க வகுத்த மார்போல் என்ற சர்வதேச விதி வெளியேற்றும் தண்ணீரில் 10 லட்சம் பங்குக்கு 15 பங்கு ஆயிலைத்தான் அனுமதிக்கிறது. ஒரு கப் ஆயிலே எத்தனை அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிலை மட்டும் உறிஞ்சும் பஞ்சுத் தாள்களை எஞ்சினுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

எந்த ஆயில் போடுவது? எப்போது மாற்றுவது?

மேனுவல் சொல்லும் கனத்தில், டீசல் எஞ்சினுக்கான ஆயில். பெரும்பாலும் எஸ்.ஏ.இ 30 அல்லது 15டபிள்யூ-40 என்றிருக்கும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் பழைய எஞ்சினுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு முறை ஆயில் மாற்றுங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுப்பாவது கரியால்தான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 100 முதல் 150 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை. படகைக் கரையேற்றி மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் நிறுத்தும் முன் மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் அத்தனை மாதமும் பேரிங்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

புகையை நிறுத்தும், கசிவை அடைக்கும் என்று பாட்டிலில் விற்கும் மருந்துகள்?

தேய்ந்த ரிங்கை எந்தத் திரவமும் வளர்க்காது. கசிவு மருந்து ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கும், ஒரு சீசன் தாங்கலாம். கயிறு சீலுக்கு அதுவும் இல்லை.

என்னுடையது பெட்ரோல் எஞ்சின். இதே விஷயங்கள் பொருந்துமா?

நீலமும் தண்ணீரும் பொருந்தும். கறுப்புப் புகைக்கு முதலில் மாட்டிக்கொண்ட சோக்கையும் கார்புரேட்டரின் மிதவையையும் பாருங்கள். மிதவை ஒழுகினால் பெட்ரோல் சம்ப்பில் சேரும், எஞ்சின் அறையிலும் ஆவி நிற்கும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்யும் முன் புளோவரைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டி, மூக்கால் ஒருமுறை சரிபாருங்கள். எக்ஸாஸ்ட் கசிவைத் தள்ளிப்போடவே கூடாது. பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, கேபினில் தூங்குபவர்களுக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா என்று எப்படி முடிவு செய்வது?

சூடான எஞ்சினில் ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான காற்று எந்த எஞ்சினிலும் வரும். ரயில் எஞ்சின் போல விட்டு விட்டுப் புகை தள்ளினால் ரிங்கைத் தாண்டிக் காற்று இறங்குகிறது.

அதன் பிறகு கம்ப்ரஷன் சோதனை. பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், கடல் தண்ணீர் வால்வு மூடியிருக்க வேண்டும், ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். மேனுவல் சொல்லும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதும் முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் மட்டும் விட்டு மறுபடி அளங்கள். டீசலில் எரியும் அறை மிகச் சிறியது, தாராளமாக ஊற்றினால் பிஸ்டன் முட்டும். ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் ஊதியிருக்க வாய்ப்பு அதிகம். வால்வோ கேஸ்கட்டோ என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், எஞ்சினைப் படகிலிருந்து தூக்க வேண்டியதில்லை.

எல்லா சிலிண்டரும் ஒரே சீராகக் கொஞ்சம் குறைந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, பிரஷர் நன்றாக இருக்கிறது, 10 மணி நேரத்துக்கு எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று குறித்து வைத்ததில் அது கூடவில்லை என்றால் நான் பிரிக்க மாட்டேன். ஆயிலை ஊற்றிக்கொண்டு ஓட்டுவேன். அந்தக் குறிப்பு நோட்டை எஞ்சின் அறைக் கதவிலேயே ஒரு பென்சிலோடு கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, மணி, ஊற்றிய ஆயில், புகை வந்த நேரம் நாலும் போதும். மெக்கானிக் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.